வாய்க்காலைப் பிடித்துக்கொண்டு போங்கள்: திருகோணமலையில் அமைதியான சைக்கிள் பாதைகள்

திருகோணமலை நகரத்திலிருந்து நான்கு பெரிய வீதிகள் வெளியே போகின்றன. தென்மேற்கே கந்தளாய் வீதி, மேற்கே அநுராதபுர வீதி, வடக்கே நிலாவெளி வழியாகப் புல்மோட்டை வீதி, தெற்கே கிண்ணியா, மூதூர் தாண்டி மட்டக்களப்பு வீதி. நாலும் நல்ல கார்பெட் வீதிகள். பஸ்ஸும் டிப்பரும் அந்த வேகத்தில் ஓடுவதற்கும் அதுதான் காரணம். சைக்கிளில் ஊர் பார்க்க வந்த ஒருவர் இந்த நாலில் ஒன்றைப் பிடித்து நேரே மிதித்தால் வெயிலும் ஹோர்ன் சத்தமும்தான் மிஞ்சும்.

அமைதியான வழிகள் இந்த வீதிகளுக்கு இடையில் கிடக்கின்றன. குளக்கட்டுகள், வாய்க்கால் கரைகள், வயலுக்கு நடுவே திடலுக்குத் திடல் போகும் ஊர் வீதிகள், களப்போரத்துக் கிரவல் பாதைகள். நெல்லும் தயிரும் மீனும் போய்வரப் போட்ட வழிகள் இவை. காலையில் ஒரு லேண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு மெசின்), நாலைந்து மோட்டார் சைக்கிள், ஒரு எருமைப் பட்டி, அவ்வளவுதான் எதிரே வரும்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் விதி ஒன்றுதான்: பெரிய வீதியை விடுங்கள், தண்ணீரைப் பிடியுங்கள். தண்ணீர் மேடு ஏறாது. வாய்க்கால் வெட்டியவர்கள் நிலத்தின் மட்டம் பார்த்துத்தான் அதை வளைத்து வளைத்துக் கொண்டுபோயிருக்கிறார்கள். அதனால் வாய்க்கால் கரையில் போகும் வீதியும் மட்டமாகவே போகும். கரையோரத்தில் மருதும் புளியும் நிழல் தரும். ஏதோ ஓரிடத்தில் மதகு வரும், மதகடியில் மனிதர்கள் இருப்பார்கள், கேட்டால் வழி சொல்வார்கள். இவ்வளவும் ஒன்றாகக் கிடைக்கும் வீதி வேறு எது?

காற்றையும் போகத்தையும் பார்த்து நாள் குறியுங்கள்

பயணத்தின் சுகத்தில் பாதி நாள் குறிப்பதில் இருக்கிறது. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை இங்கே மாரி. குளங்கள் நிரம்பி வான் பாயும். கதவு திறந்துவிட்டால் வயல் பாதைகள் நாள்கணக்கில் தண்ணீருக்கடியில் கிடக்கும். கிரவல் கரைந்து சில்லு புதையும். அந்த மாதங்களை விட்டுவிடுங்கள்.

தை நடுப்பகுதிக்குப் பிறகு மழை குறைந்துவிடும். பெரும்போக நெல் அப்போது பச்சையிலிருந்து பழுப்புக்கு மாறிக்கொண்டிருக்கும். மாசியிலும் பங்குனியிலும் அறுவடை. குளங்களில் தண்ணீர் நிறைய, வெயில் இன்னும் கடுமையாகாத நேரம். புதியவர்களுக்கு மாசியை விட நல்ல மாதம் கிடையாது என்பது என் முடிவான எண்ணம்.

சித்திரைக்குப் பிறகு சூடு ஏறும். வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் அடிக்கும்: மேற்கிலிருந்து வரும் காய்ந்த காற்று, அடுப்பு வாயைத் திறந்தது போல முகத்தில் அறையும். கடல் அமைதியாக இருக்கும் காலமும் இதுதான். அதனால் உப்புவெளியிலும் நிலாவெளியிலும் வெளியூரார் நிறைய வருவார்கள், தங்குமிடங்களில் சைக்கிள் வாடகைக்கும் கிடைக்கும். இந்த மாதங்களிலும் ஓடலாம். ஆனால் காலை ஒன்பது மணிக்குள் ஓட்டத்தை முடித்துவிட வேண்டும்.

காற்றைப் பற்றி ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்: போகும்போது எதிர்காற்று, வரும்போது முதுகுக் காற்று. கச்சான் காலத்தில் காலையில் காற்று மெல்ல இருக்கையிலேயே மேற்கே தம்பலகாமம் பக்கம் போய்விட்டால், பலத்த பிறகு அது உங்களை வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வரும். தை மாதத்தில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வருவதால் அப்போது வடக்கே, குச்சவெளிப் பக்கம் போவதுதான் சரி. இதை மாற்றிச் செய்தால் களைத்துப்போன கால்களோடு கடைசி பத்துக் கிலோமீற்றரும் காற்றோடு மல்லுக்கட்ட வேண்டிவரும்.

புறப்படும் நேரம்: நிலம் நன்றாக வெளுத்த பிறகு. வருடம் முழுவதும் ஆறு மணியை ஒட்டித்தான் இங்கே சூரியன் எழும்பும். வெயிலுக்குப் பயந்து இருட்டிலேயே கிளம்புவது நகரத்துக்குள் சரி. குளங்கள், காடுகள் பக்கம் சரிவராது. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

சைக்கிள் எது வேண்டும்?

இருக்கிற சைக்கிள் போதும். கரியர் வைத்த பழைய லுமாலா கூட இந்த நாட்டு மட்டத்துக்குத் தாராளம். மெல்லிய டயர் போட்ட ரேஸ் சைக்கிள் மட்டும் வேண்டாம், கிரவலில் அது உங்களை வீழ்த்தும். டயரை இரண்டு விரலால் அமத்தினால் கொஞ்சம் உள்ளே போகிற அளவுக்குக் காற்று விட்டால் போதும்.

ஊர்க் கடைகளில் 28 அங்குலம், 26 அங்குலம் டியூப் தேடினால் கிடைக்கும். வேறு அளவு என்றால் இரண்டு டியூப் கையோடு கொண்டுபோங்கள். ஒல்லியான வெளிநாட்டு வால்வு உள்ள டியூப் என்றால் அதற்குப் பொருந்தும் காற்றடிக்கும் பம்மையும் நீங்களே கொண்டுபோக வேண்டும், கடைப் பம் அதில் பிடிக்காது. ஒட்டுப் போடும் பெட்டி, ஒரு ஸ்பனர், கொஞ்சம் கயிறு. கடலோர மணல் ஓரங்களில் நெருஞ்சி முள் பரவிக் கிடக்கும். போட்டோ எடுக்க நிற்கும்போது சைக்கிளை ஓரத்து மணலில் இறக்காதீர்கள். இறக்கிவிட்டால் திரும்ப ஏறும்முன் சில்லை ஒரு சுற்றுச் சுற்றிக் கையால் பாருங்கள். முள் குத்திய உடனே எடுத்தால் டியூப் தப்பும்.

தண்ணீர் ஒருவருக்குக் குறைந்தது மூன்று லீற்றர். தொப்பி, முழுக்கைச் சட்டை, முழங்கால் மூடும் காற்சட்டை. வழியில் கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் வரும், எல்லா இடத்துக்கும் அந்த உடுப்பு பொருந்தும். சின்னத் தாள்களாகக் காசு.

முதல் காலைகள்

நேரே நீளப் பயணத்துக்குப் போகாதீர்கள். முதல் நாள் வடக்கே உப்புவெளி, சாம்பல்தீவு. அலஸ்தோட்டம் தாண்டும் வரை வாகனம் இருக்கும். ஞாயிறு காலை என்றால் அதுவும் குறைவு. உப்புவெளியில் வீதியோரமாக இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணைக்குழுவின் பொறுப்பில் உள்ள இடம், புல் ஒழுங்காக வெட்டி வைத்திருப்பார்கள். ஐந்து நிமிடம் இறங்கி நடந்து பாருங்கள். சாம்பல்தீவுப் பாலத்தில் நின்றால் ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் கடல் வாய். அங்கிருந்து சல்லிப் பக்கம் கிளை வீதியில் இறங்கினால் மீன்பிடி ஊரின் காலை உங்களுக்குக் கிடைக்கும். போய்வர 20 கிலோமீற்றருக்குள் அடங்கும்.

அடுத்த காலை கன்னியா. நகரத்திலிருந்து அநுராதபுர வீதியில் 8 கிலோமீற்றர் அளவு. ஏழு சிறு கிணறுகள், ஒவ்வொன்றிலும் சூடு வேறு. இராவணன் தன் தாயின் ஈமக்கடனுக்காக உண்டாக்கியவை என்பது ஐதிகம். இன்றைக்கும் சைவர்கள் அந்தியேட்டிக்கு இங்கே வருகிறார்கள். அப்படி வந்த குடும்பம் இருந்தால் அவர்களுக்கு முதலிடம் விட்டு, பிறகு உங்கள் கால்களுக்கு நாலு வாளி வெந்நீர் ஊற்றிக்கொள்ளுங்கள். வலி இறங்கிவிடும். கன்னியாவுக்கு அப்பால் பெரியகுளம் பக்கத்தில் வெல்கம் விகாரை. 11ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகளில் இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர் பெற்ற பௌத்தப் பள்ளி. தமிழில் எழுதிய பௌத்தக் கொடைகளைக் கல்லில் பார்க்க ஆசையுள்ளவர்கள் அதுவரை போகலாம். ஆனால் அது யானை நடமாடும் பக்கம், வெயில் ஏறிய பிறகு, தனியே இல்லாமல் போங்கள்.

தம்பலகாமம்: ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் இங்கே போங்கள்

தம்பலகாமத்தின் அமைப்பே சைக்கிளுக்கென்று செய்த அமைப்பு. கண்ணெட்டும் தூரம் வயல். வயலுக்கு நடுவில் அங்கங்கே கொஞ்சம் உயர்ந்த நிலத்துண்டுகள், ஒவ்வொன்றிலும் சில வீடுகள், தென்னை, மா, ஒரு கோயில். அவற்றைத்தான் திடல் என்கிறார்கள். சிப்பித்திடல், நாயன்மார்திடல், குஞ்சடப்பன்திடல் என்று பெயர்கள். ஒரு திடலிலிருந்து அடுத்த திடலுக்கு வயலை ஊடறுத்து ஒரு ஒடுங்கிய வீதி, பக்கத்தில் வாய்க்கால். மழைக்காலத்தில் சுற்றிலும் வெள்ளம் நின்றாலும் திடல் நனையாது. ஒன்றில் தேத்தண்ணி குடித்தால் அடுத்ததில் வெற்றிலைத் தட்டு வைத்த கடை, அதற்கடுத்ததில் குளிர்ந்த கிணற்றுத் தண்ணீர்.

இந்த வயல்களுக்குத் தண்ணீர் வருவது கந்தளாய்க் குளத்திலிருந்து. பழங்கால மன்னன் குளக்கோட்டன் கட்டியது என்று தமிழர் சொல்லும் குளம் அது. 1986 ஏப்ரல் 20ஆம் திகதி அதன் அணைக்கட்டு உடைந்து கீழே இருந்த ஊர்களை அடித்துக்கொண்டு போனது; வயதானவர்களிடம் கேட்டால் இன்றும் அந்த இரவைச் சொல்வார்கள். அங்கிருந்து இறங்கும் தண்ணீர் வாய்க்காலாகப் பிரிந்து, கிளைவாய்க்காலாகப் பிரிந்து, வயல் வயலாக நனைத்து, கடைசியில் தம்பலகாமக் குடாவில் விழுகிறது. அந்தத் தண்ணீரின் வழியைத்தான் நீங்களும் பிடித்துக்கொண்டு வரப்போகிறீர்கள்.

இனிப் போகும் வழி. நகரத்திலிருந்து தம்பலகாமச் சந்தி வரை 24 கிலோமீற்றர் அளவு, முழுவதும் கந்தளாய் வீதி. இந்தத் துண்டுதான் தொல்லை. மூன்று வழி இருக்கிறது. ஞாயிறு காலையில், வாகனம் கூடும் முன் ஓடி முடித்துவிடலாம். அல்லது நாலு பேர் சேர்ந்து ஒரு சின்னப் பட்டா லொறி பிடித்து சைக்கிள்களை ஏற்றிச் சந்தியில் இறங்கலாம். புதியவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான், காசு பகிர்ந்தால் பெரிதாகத் தெரியாது. மூன்றாவது, தம்பலகாமத்தில் ரயில் நிலையம் இருக்கிறது. ரயில்கள் குறைவு, சைக்கிளைப் பார்சலாகப் பதிய வேண்டும், ஆகையால் முதல் நாளே நிலையத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். கொழும்பிலிருந்து சைக்கிளோடு வருபவர்களுக்கும் இதே ஆலோசனைதான்.

சந்தியில் உள்ளே திரும்பியதும் சத்தம் நின்றுவிடும். முதலில் கோயிலடி, ஆதிகோணநாயகர் கோயில். 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் திருக்கோணேச்சரத்தை இடித்தபோது காப்பாற்றப்பட்ட விக்கிரகங்கள் இங்கே வந்து சேர்ந்தன என்பது ஊர் வழக்கு. காலைப் பூசை நேரமென்றால் உள்ளே போய்வாருங்கள். பிறகு திடல்களைச் சுற்றி நிதானமாக ஒரு மணி நேரம் ஓடுங்கள். எந்தத் திடலில் எந்தப் பக்கம் திரும்புவது என்று எழுதித் தரமாட்டேன். எங்கே போனாலும் வயல்தான், எங்கே சுற்றினாலும் கோயிலடிக்குத் திரும்பலாம். கோபுரத்தைக் கண்ணில் வைத்துக்கொண்டால் போதும்.

நன்றாக ஓடக்கூடியவர்கள் வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை. வயல்களுக்கு ஊடாகக் கிழக்கே கிண்ணியாப் பக்கம், சூரங்கல் வழியாக இறங்கி, கிண்ணியாவில் சாப்பிட்டு, பாலம் ஏறி, வெள்ளைமணல், சீனக்குடா வழியாக நகரத்துக்கு வந்துவிடலாம். முழுச் சுற்றும் 60 கிலோமீற்றரை ஒட்டி வரும். முதல் நாளில் இதைச் செய்யாதீர்கள்.

வாய்க்கால் வீதியில் வழி கேட்பது எப்படி

போன் வரைபடத்தில் குளக்கட்டும் வாய்க்கால் கரையும் எல்லாமே வீதியாகத்தான் தெரியும். பாதி துருசடியில், அதாவது தண்ணீர் திறக்கும் கதவடியில், முடிந்துவிடும், பாதி யாரோ ஒருவருடைய வயல் வரம்பு. ஆகையால் வரைபடத்தைப் பார்த்துத் திசையை வைத்துக்கொண்டு, வழியை ஆளிடம் கேளுங்கள்.

கேட்கும் கேள்வி முக்கியம். “றோட்டு இருக்கா?” என்று கேட்டால் “இருக்கு” என்பார்கள், உழவு மெசினுக்கு அது றோட்டுத்தான். “மோட்டார் சைக்கிள் போகுமா, ஐயா?” என்று கேளுங்கள். போகும் என்றால் உங்கள் சைக்கிளும் போகும். “இந்தக் கட்டால நேரே போனா மதகு ஒண்டு வரும் தம்பி, அதில இறங்காதிங்க, ரெண்டாவது மதகில வலப்பக்கம்” என்கிற மாதிரிப் பதில் வரும். எத்தனையாவது மதகு என்பதைக் காது கொடுத்துக் கேளுங்கள், அதுதான் இங்கே வீதிப் பலகை. பெரிய வீதிகளில் இன்னும் மைல் கணக்குத்தான்: ஆறாம் கட்டை, பத்தாம் கட்டை என்றுதான் சனம் இடம் சொல்லும். கட்டை என்றால் மைல், கிலோமீற்றராக நினைத்துத் தூரத்தைக் குறைத்துக் கணக்குப் போட்டுவிடாதீர்கள்.

வாய்க்கால் கரையில் படலை போட்டிருந்தால் திறந்து போகலாமா என்று கேட்டுவிட்டுப் போங்கள், போனபின் கட்டாயம் சாத்துங்கள். திறந்த படலையால் ஒரு மாட்டுப் பட்டி உள்ளே போனால் ஒரு குடும்பத்தின் போகம் போய்விடும்.

அறுவடைக் காலத்தில் வீதியின் பாதி நெல்லுக்குச் சொந்தம். கார்பெட் வீதியில் ஒரு பக்கமாக நெல்லைப் பரப்பி, வாகனம் ஏறாமல் கல்லும் மரக்கொம்பும் வைத்து எல்லை கட்டியிருப்பார்கள். சில இடத்தில் படங்கு விரித்து அதன் மேல். ஓர் அம்மா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு காலால் நெல்லைக் கோடு கோடாகத் துழாவிக்கொண்டே நடப்பார், அடியில் இருக்கும் ஈரம் மேலே வரட்டும் என்று. அந்தக் கோடுகள் கலையாமல் போவது உங்கள் பொறுப்பு. சில்லு ஏறினால் மணி உடைந்து, ஆலையில் அரிசி குறுணலாகப் போகும், விலை குறையும். உங்களுக்கும் ஆபத்து, காய்ந்த நெல்லில் பிரேக் பிடித்தால் சைக்கிள் வழுக்கும். எதிரே வாகனம் வந்தால் இறங்கி நில்லுங்கள், அது போன பிறகு போங்கள். இந்த வீதிகளை எங்களுக்கு விட்டுத் தருகிறவர்கள் அந்த மக்கள்தான். அவர்கள் முகம் சுளிக்க ஒரு சைக்கிள்காரர் காரணமாகக் கூடாது என்பதில் நான் மிகவும் பிடிவாதமாக இருக்கிறேன்.

வடக்கே: நிலாவெளி தாண்டி

நிலாவெளி 15 கிலோமீற்றர் அளவு. அதுவரை விடுதிகளும் வான்களும் இருக்கும். இறக்கக்கண்டிப் பாலத்தைத் தாண்டினால் ஊர் மாறிவிடும். கும்புறுப்பிட்டிப் பக்கம் பனையும் வெளியும், உப்பளம், களப்பில் நாரையும் கொக்கும். பெரிய வீதிதான், ஆனாலும் காலையில் வாகனம் குறைவு, வீதி அகலம். புதியவர்களுக்கு நம்பிக்கை வரவைக்கும் துண்டு இது. நிழல் மட்டும் கிடையாது.

குச்சவெளி 33 கிலோமீற்றர் அளவில். போய் அன்றே திரும்புவதென்றால் எழுபது கிலோமீற்றர் வரை வரும், பழகியவர்களுக்குத்தான். நிலாவெளியில் முதல் நாள் இரவு தங்கிவிட்டால் பாதிச் சுமை குறையும். அதற்கும் அப்பால் திரியாய். பழைய தமிழ்க் கிராமம். அங்கே குன்றின் மேல் வட்டவடிவத் தாதுகோபக் கட்டடமொன்றின் இடிபாடும், பல்லவ கிரந்த எழுத்தில் தபுசன், பல்லிகன் என்ற வணிகர்களைச் சொல்லும் சமஸ்கிருதக் கல்வெட்டும் இருக்கின்றன. படியேற வேண்டும், அதற்கு மிச்சம் பலம் வைத்துக்கொள்ளுங்கள். உள்வீதியின் இரு பக்கமும் காடு, நேரத்தோடு திரும்பிவிடுங்கள்.

மூதூர்ப் பக்கம்: இரண்டு நாள் உள்ளவர்களுக்கு

கொட்டியாரக்குடாவைச் சுற்றி மூதூருக்குப் போகும் வீதியில் முன்பு துறைக்குத் துறை ‘பாதை’ எனும் மிதவைப் படகில் ஏறி இறங்கித்தான் போவார்கள். கிண்ணியாப் பாலம் 2009 ஒக்ரோபரில் திறந்தது, 396 மீற்றர் நீளம். பிறகு உப்பாறு, கங்கை (இங்கே மகாவலியைத்தான் கங்கை என்பார்கள்), இறால்குழிப் பாலங்களும் வந்து, இப்போது நகரத்திலிருந்து மூதூருக்கு 40 கிலோமீற்றர் அளவில் ஒரே ஓட்டம். பாலங்களில் காற்று பக்கவாட்டில் தள்ளும், கைபிடியை இறுக்கிப் பிடியுங்கள். பாலத்தில் நின்று படம் எடுப்பதென்றால் நடைபாதை ஓரம் ஏறி நில்லுங்கள். மகாவலி மணல் ஏற்றிய டிப்பர்கள் இந்த வீதியில் ஓடும், அவற்றின் சத்தம் பின்னால் கேட்டவுடன் ஓரம் இறங்கி விட்டுவிடுவது நல்லது.

மூதூரை அடைந்த பிறகுதான் அமைதி. கிழக்கே கட்டைபறிச்சான், சேனையூர், சம்பூர் வழியாகக் கடலோரம் போகும் வீதி ஒன்று. தெற்கே பட்டித்திடல், மேன்காமம், கங்குவேலி, கிளிவெட்டிப் பக்கம் வயலூர்கள். இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்வதென்றால் மாசியில் தெற்கே போங்கள், கோடையில் கிழக்கே போங்கள். சம்பூர்ச் சனம் 2006இல் இடம்பெயர்ந்து, 2015இலிருந்துதான் திரும்பிக் குடியேறத் தொடங்கியவர்கள். புது வீட்டுக்குப் பக்கத்திலேயே இடிந்த சுவர் நிற்கும். அதைப் படம் எடுக்கும் முன் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பெரும்பாலும் கதிரை போட்டு உட்காரச் சொல்வார்கள்.

மூதூரில் தங்க இடங்கள் குறைவு. முதலே பேசிவைக்காமல் போகாதீர்கள். சாப்பாட்டுக்குக் கவலையில்லை. காலை பிட்டும் மீன் குழம்பும், வழியில் எருமைத் தயிர். சட்டியோடு வாங்கி நாலு பேர் சுற்றியிருந்து சீனி போட்டுச் சாப்பிட்டால் மத்தியானம் வரை பசிக்காது. வெயிலில் ஓடும் உடம்புக்குச் சோடாவை விட மோரும் இளநீரும்தான் சரி.

கவனிக்க வேண்டியவை

யானை. தம்பலகாமம், கந்தளாய், கன்னியா, திரியாய் எல்லாப் பக்கமும் உண்டு. விடியற்புறத்திலும் பொழுதுபடும் நேரத்திலும் வயலை விட்டுக் காட்டுக்கும், காட்டை விட்டுக் குளத்துக்கும் வீதியைக் கடக்கும். சைக்கிள் சத்தமில்லாமல் வருவதால் அது உங்களைக் காணும்போது மிகக் கிட்டே இருப்பீர்கள். இருட்டில் புறப்படாதீர்கள் என்றது இதற்குத்தான். வீதியில் லத்தி ஈரமாகக் கிடந்தால் அல்லது தூரத்தில் யானை வெடி கேட்டால் நின்று, எதிரே வருகிறவரிடம் விசாரித்துவிட்டுப் போங்கள். கண்டால் திரும்பிவிடுங்கள், கிட்டப் போய் போட்டோ எடுப்பது கூடவே கூடாது. மின்வேலிக் கம்பியில் சைக்கிளைச் சாத்தாதீர்கள். மாலை ஐந்து மணிக்கு நகரத்துக்கோ தங்குமிடத்துக்கோ வந்துவிட வேண்டும் என்று திட்டமிட்டால் இவ்வளவும் பெரிய கவலையில்லை.

கங்கையிலும் பெரிய வாய்க்கால்களிலும் முதலை உண்டு. ஊர்ச்சனம் குளிக்கும் துறையில் மட்டும் இறங்குங்கள். கரைப் புல்லில் புடையன் பாம்பு கிடக்கும், சிறுநீர் கழிக்கப் பற்றைக்குள் போகும் முன் தடியால் தட்டுங்கள். சிவப்புப் பலகையில் மண்டையோடு போட்டிருந்தால் கண்ணிவெடி அகற்றாத இடம். தேய்ந்த பாதையை விட்டு ஓரடியும் உள்ளே வைக்காதீர்கள். சீனக்குடா, துறைமுகப் பக்கங்களில் கடற்படை, விமானப்படை முகாம்கள் இருக்கின்றன, கமராவைப் பைக்குள் வையுங்கள். ரயில் பாதையை வெட்டும் சின்னக் கடவைகளில் இறங்கி, இரு பக்கமும் பார்த்து, தள்ளிக்கொண்டு கடப்பது நல்லது.

விழுந்து அடிபட்டால் 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். பொலிஸ் 119. வாய்க்கால் வீதியில் நிற்கும்போது இடம் சொல்லத் தெரியாமல் திண்டாடாமல், பக்கத்தில் நிற்பவரிடம் போனைக் கொடுத்துப் பேசச் சொல்லுங்கள். புறப்படும் முன் எந்தப் பக்கம் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டிலோ தங்குமிடத்திலோ சொல்லிவையுங்கள்.

திரும்பி வந்ததும் குளிக்கும் முன் சைக்கிளைக் கழுவுங்கள். கடற்காற்றின் உப்பும் களப்புச் சேறும் ஒரே இரவில் செயினில் துருவேற்றும். நல்ல தண்ணீரால் கழுவி, துணியால் துடைத்து, வெயிலில் காயவைத்து, செயினின் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு துளி எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், அது பிசினாக இறுகி மண்ணைப் பிடித்துக்கொள்ளும். தையல் மெசின் எண்ணெய் எந்தக் கடையிலும் கிடைக்கும். அதிகமாக விட்டதைத் துணியால் வழித்துவிட்டு, டயரில் முள் ஏதும் ஏறியிருக்கிறதா என்று பகல் வெளிச்சத்திலேயே பார்த்து, பிறகு உள்ளே எடுத்து வையுங்கள்.